கிரே என்பது நிறமல்ல

கிரே என்றார். ரெஹானா கையிலிருந்த அட்டையை இறக்காமல் இன்னும் கொஞ்சம் இவர் முகத்துக்கு நேரே நகர்த்தினாள். அட்டையில் ஒரு நாய். ஒட்டிய வயிறு, வில்லாக வளைந்த முதுகு, கூரிய மூக்கு, பின்னால் பச்சைப் புல். வெளிநாட்டில் எங்கோ அச்சடித்த படம். "கலர் கேக்கல ஸார். இது என்ன மிருகம்? தமிழ்ல வந்தாலும் சரி, இங்கிலீஷ்ல வந்தாலும் சரி." இவர் உதட்டை நனைத்துக்கொண்டு மறுபடியும் கிரே என்றார். அதற்கப்புறம் ஏதோ வரப்போவதுபோலத் தாடையை முன்னால் தள்ளினார், வரவில்லை, வாயை மூடிக்கொண்டார். அவள் தன் தாளில் ஒரு சின்னக் கோடு போட்டாள். தப்புக்குப் போடுகிற கோடு. நான் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் இவருடைய தண்ணீர் பாட்டிலும் துண்டுமாக, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த அறைக்குள் நான் பேசக் கூடாது. ரெஹானாதான் இவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள், மேலப்பாளையத்துப் பெண், எங்கள் மகள் அல்லியைவிடச் சின்னவள். முதல் நாளே சொல்லிவிட்டாள், "நீங்க எடுத்துக் கொடுத்தீங்கன்னா அவங்க மூளை உங்களையே எதிர்பாத்து உக்காந்துரும்மா, தானாத் தேடாது." சரி, தேடட்டும். ஆனால் தாயே, இவர் கலரைச் சொல்லவில்லை, நீ போட்ட கோடு தப்பு. அல்லது நான் நினைப்பதுதான் தப்பா. படத்தில் இருக்கிற நாய் சாம்பல் நிறம்தானே. நிறத்தைப் பார்த்து நிறத்தைச் சொல்லியிருக்கலாம். அல்லது கிரேஹவுண்ட் என்று சொல்ல வந்து பாதியில் நின்றிருக்கலாம். அல்லது மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, எங்கள் வீட்டு நாய் பேர் கிரே. அது செத்து எத்தனையோ காலமாகிவிட்டது. இவர் அதைக் கூப்பிட்டாரென்றால் எந்த வருஷத்தில் உட்கார்ந்திருக்கிறார் இந்த மனுஷன்.

ரெஹானா அடுத்த அட்டையை எடுத்துவிட்டாள். குடை. இவர் குடையைப் பார்க்கவில்லை, கவிழ்த்து வைத்த நாய் அட்டையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரிக் கிடந்தது. அந்தக் கை எப்படி ஆடும். வகுப்பில் மட்டுமில்லை, மீன் வாங்கப் போனாலும் ஆடும், மீன்காரியிடம் பேரம் பேசும்போது சுட்டுவிரல் மேலே எழும்பிவிடும், "அய்யரே, என்னைய அடிக்கவா வாறீரு" என்று அவள் கேட்பாள். இவர் அய்யருமில்லை ஒன்றுமில்லை, கண்ணாடி போட்ட வாத்தியாரெல்லாம் அவளுக்கு அய்யர். இருபத்தெட்டு வருஷம் பாளையங்கோட்டையில் கல்லூரியில் இங்கிலீஷ் வாத்தியார். பங்குனி மாதத்தில் ஒரு காலை காப்பி டம்ளர் கையிலிருந்து நழுவியது, வாய் ஒருபக்கம் இறங்கியது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தோம், உயிர் தங்கியது, கால் மெல்ல வந்தது, பேச்சு மட்டும் போன இடம் தெரியவில்லை. வந்தபோதும் இங்கிலீஷில்தான் வந்தது. வாட்டர் என்றார். நோ என்றார். விண்டோ என்றார். நான் பிறந்ததிலிருந்து கேட்ட பாஷையில், சாத்தூரில் இவர் அம்மா இவரைத் தாலாட்டிய பாஷையில், சரி, அதான், அது, இந்த மூன்றுதான் மிச்சம். பெரிய டாக்டர் சொன்னார், சிலருக்கு இப்படி ஆகும், தொழில் செய்த மொழி முதலில் திரும்பும், ஏனென்று கேட்டால் சரியாகச் சொல்ல முடியாது என்று. ரெஹானா போன வாரம் சொன்னது அதைவிடக் கஷ்டமானது. "ரெண்டையும் ஒண்ணா இழுத்தா இப்ப அவங்களுக்குக் களைப்பாயிருதும்மா. முதல்ல ஒண்ணுல ஊன்றுவோம். அது கொஞ்சம் நின்னப்புறம் இன்னொண்ணு பாப்போம். எதுன்னு நீங்க யோசிச்சு வைங்க." இன்றைக்குச் சொல்ல வேண்டும். அல்லிக்கு போன் போட்டேன், பெங்களூரில் இருந்துகொண்டு அவள் யோசிக்கவே இல்லை, "இங்கிலீஷே வைக்கச் சொல்லும்மா, அப்பாவுக்கு ஈஸி, நானும் பேசிருவேன்" என்றாள். நீ பேசிருவே. நான்?

நான் சண்முகவடிவு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை பார்த்தவள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நம்பர் ப்ளீஸ், லைன் பிஸி, ஹோல்டு ஆன், இதற்கு மேல் எனக்கு இங்கிலீஷ் தேவைப்பட்டதில்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கேட்டால் புரியும், வாயைத் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் கிரேஹவுண்ட் என்ற சொல் மட்டும் எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரியும், அந்தச் சொல்லால்தான் என் கல்யாணம் நிற்கப் பார்த்தது. கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்கு இவர் பெண் பார்க்க வந்திருந்தார். அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை, ஞாயிற்றுக்கிழமையானால் முயல் வேட்டைக்குப் போகிற பைத்தியம், வீட்டில் எப்போதும் ஒரு கன்னி நாய் இருக்கும். அன்றைக்கு இருந்தவன் சூரன். கருப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே இரண்டு செம்பொட்டு, எலும்பு எண்ணலாம் போல ஒல்லி. கட்டிப்போடுங்கள் என்று மாமா ஆள்விட்டுச் சொல்லியும் அப்பா கட்டவில்லை. பெரியவர்கள் நிலம் நீச்சு பேசிக்கொண்டிருக்கும்போது சூரன் நடுக்கூடத்துக்கு வந்து, யாரையும் மோந்து பார்க்காமல் நேரே மாப்பிள்ளையிடம் போய் முழங்காலில் மூக்கை வைத்தான். இவர் அவன் தலையைத் தடவிக்கொண்டே, யாராவது கேட்டார்களா கேட்கவில்லையா என்று பார்க்காமல் பேச ஆரம்பித்துவிட்டார். "இதே வார்ப்புல வெள்ளக்காரன்ட்ட ஒரு நாய் உண்டு, கிரேஹவுண்ட்னு பேரு. எல்லாரும் சாம்பல் நாய்னு நினைப்பாக. தப்பு. ஹவுண்ட்னா நாய், அது சரி. முன்னால நிக்கிற கிரே நிறம் இல்ல. அது ரொம்பப் பழைய சொல்லு, ஆயிரம் வருஷத்துக்கு முந்தின இங்கிலீஷ்ல வேற மாதிரி எழுதியிருக்கான், அதுக்கு என்ன அர்த்தம்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் உறுதியாத் தெரியாது." மாமா மரியாதைக்கு, "அப்ப என்னவா இருக்கும்?" என்று கேட்டார். கேட்டிருக்க வேண்டாம். "வடக்கே நார்ஸ்னு ஒரு பழைய பாஷை. அதுல கிரேன்னா பொட்டை நாய். அதுலருந்து வந்திருக்கலாம்னு ஒரு கட்சி சொல்லுது."

பெண் பார்க்க வந்த வீட்டில், நடுக்கூடத்தில், மாப்பிள்ளை வாயிலிருந்து பொட்டை நாய். ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டார்கள். இவர் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் என் பக்கத்தில் நின்ற அத்தை என் காதில், "மாப்பிள்ளைக்குக் கோட்டி கீட்டி உண்டா, விசாரிச்சாகளா?" என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்தால் தெரிந்துவிடும் என்று முந்தானையை வாயில் வைத்தேன், அதையும் மீறி வாய் பேசிவிட்டது, கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தே சொன்னேன், "எங்க நாயும் கன்னிதான். ஆனா கடுவன்." யோசித்துச் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் அந்த ஜாதி நாய்க்கே கன்னி என்றுதான் பேர், ஆணானாலும் கன்னி, கல்யாணமாகிப் போகிற கன்னிப்பெண்ணோடு சீராக அனுப்பியதால் வந்த பேர் என்பார்கள், அது நிஜமோ பொய்யோ. இவர் சட்டென்று நிமிர்ந்தார். பெண்ணைப் பார்க்க வந்தவர் அதுவரை பெண் எங்கே என்றுகூடத் தேடவில்லை, இப்போது கதவைப் பார்த்தார். கதவில் என் கைவிரல் மட்டும் தெரிந்திருக்கும். "அது யாரு?" என்று கேட்டார். அப்பா கடகடவென்று சிரித்தார். அப்பா சிரித்ததும் மாமா சிரித்தார், மற்றவர்களும் சிரித்தாக வேண்டியதாயிற்று. அன்றைக்கு இவர் போட்டிருந்த சட்டை வெள்ளையில் நீலக்கோடு, காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது, நானே போய் நிமிர்த்திவிடலாமா என்று கை பரபரத்தது, இப்போதும் காலர் மடங்கித்தான் இருக்கிறது, காலையில் நான்தான் போட்டுவிட்டேன், எப்படிக் கவனிக்காமல் விட்டேன்.

ரெஹானா சாவிப் படத்தைக் காட்டி, "சா... சா..." என்று முதல் எழுத்தைக் கொடுத்தாள். இவர், "சா" என்றார். "சா... அது. அதான்." சாவி. வீட்டுச் சாவி என் பையில் இருக்கிறதா, இருக்கிறது, கை பட்டது. கேஸை மூடினேனா. மூடினேன், மூடியபின்தான் இவருக்குச் செருப்பு மாட்டினேன், இல்லை, செருப்பு மாட்டியபிறகு பால் பொங்கிய வாசனை வந்து உள்ளே போனேன். மூடியிருப்பேன். இவருக்கு இப்படி ஆனதிலிருந்து எனக்கும் எல்லாம் பாதி பாதியாகத்தான் ஞாபகம் இருக்கிறது, ஒருவேளை இது ஒட்டுகிற நோயோ. கதவைத் தள்ளிக்கொண்டு நர்ஸ் வந்தாள், ஏதோ சீட்டில் ரெஹானாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகும்போது வழக்கம்போல் இவர் தோளைத் தட்டி, "என்ன பேச்சிமுத்து ஸார், பேர்லயே பேச்சு இருக்கு, சீக்கிரம் பேசிருவீங்க" என்றாள். நல்ல பெண். நல்ல எண்ணத்தில் சொல்கிறாள். ஆனால் பழைய பேச்சிமுத்து இதைக் கேட்டிருந்தால் அவளை விட்டிருக்கமாட்டார், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார வைத்திருப்பார். இவர் கட்சிப்படி இவர் பேரில் இருப்பது பேச்சு இல்லை, பேய்ச்சி. பேயின் பெண்பால். பிள்ளையைக் காக்கிற பேச்சியம்மன் ஒரு காலத்தில் பிள்ளை தின்கிற பேய்ச்சியாக இருந்தவள் என்பார். "என் பேர்ல பேச்சு இருக்குன்னு நினைக்கிறவன் கிரேஹவுண்ட்ல சாம்பல் இருக்குன்னு நினைக்கிறவன்" என்று வருஷா வருஷம் முதல் வகுப்பில் சொல்வாராம், பையன்கள் பேய் வாத்தியார் என்று பேர் வைத்துவிட்டார்கள், அதற்கும் சந்தோஷம். நர்ஸ் தட்டிய தோளை இவர் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் எனக்குச் சுருக்கென்றது, தப்பாகச் சொன்ன ஒன்றை இவர் சும்மா விட்டு நான் பார்த்ததில்லை.

கல்யாணத்துக்கு அப்பா ஒரு கன்னிக் குட்டியும் கொடுத்தனுப்பினார். பொட்டைக் குட்டி. கார் சீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் துண்டு விரித்து அது தூங்கிக்கொண்டு வந்தது, கயத்தாறு தாண்டும்போது, "இதுக்கு என்ன பேர் வைக்கலாம்?" என்று கேட்டேன், புருஷனிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். கிரே என்றார். "கருப்பா இருக்கே" என்றேன். "பழைய நார்ஸ் பாஷைல பொட்டை நாய்க்குப் பொட்டை நாய்னே பேர் வச்சாச்சு, இதைவிடச் சரியான பேரு உண்டா" என்றார். தெருவில் ஒருத்தருக்கும் புரியவில்லை. கருப்பு நாயைப் போய் கிரேங்கிறாரே, வாத்தியாருக்குக் கண்ணாடி மாத்தணும் என்றார்கள். சாயங்காலம் கல்லூரி மைதானத்தில் அவிழ்த்து விடுவோம், அது ஓடுவதைப் பார்க்க வேண்டும், நாலு காலும் தரையில் படாத ஒரு கணம் வரும், அந்தக் கணத்தில் இவர் மூச்சை உள்ளே இழுப்பார், கால் பட்டதும் விடுவார், ஓடுவது இவர்தான் என்பது மாதிரி. அப்போதெல்லாம் நானும் இங்கிலீஷ் பேசிப் பார்த்தேன். பேசினேன். ஒருநாள் இவருடன் வேலை பார்க்கிறவர்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது ஒருவர் இது என்ன ஜாதி நாய் என்று கேட்டார், நான் பெருமையாக, "அவர் டாக் ஆல்சோ கிரவுண்டு ஒன்லி" என்றேன். இவர் சிரித்துவிட்டார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். "கிரவுண்டா, பிளே கிரவுண்டா?" என்று இவர் வேறு கேட்டார். நான் காப்பித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனேன். அவர்கள் போனபின், "இனிமே ஒங்க முன்னால ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேசமாட்டேன்" என்றேன். இவர் சமாதானம் சொன்னார், கெஞ்சினார், பிறகு ஒன்று செய்தார், "அப்பம் நானும் வீட்டுக்குள்ள பேசல" என்றார். பேசவில்லை. கல்லூரியிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது இங்கிலீஷையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் வருவார். எத்தனை வருஷம். இங்கிலீஷ் சொல்லைப் பற்றி ஆயிரம் சொல்வார், ஆனால் தமிழில்தான் சொல்வார். எங்கள் சண்டை தமிழில், கொஞ்சல் தமிழில், அல்லி பிறந்தபோது அழுதது தமிழில், கிரேயைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டு வந்து, "வடிவு, தண்ணி குடு" என்றது தமிழில். என்னை வடிவு என்று கூப்பிடுவது இவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கெல்லாம் நான் சம்முவம். இங்கிலீஷே வைக்கலாம் என்று நான் சொல்லிவிட்டால் இனி என்னை வடிவு என்று யார் கூப்பிடுவார்கள். பால்காரனிடம் இவர் என்ன சொல்வார், சாத்தூரிலிருந்து அக்கா வந்தால் முகத்தை முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களா. தமிழ்தான். தமிழ் என்றே சொல்லிவிடுவேன். அவள் கேட்டதும் சொல்லிவிடுவேன்.

ஆனால் அதற்காகத்தான் சொல்கிறேனா, அல்லது அந்த லேடிக்குப் பயந்தா. வார்டில் இருந்தபோது நர்ஸ் என்னைக் காட்டி, "இவங்க யாரு ஸார்?" என்று கேட்டாள். இவர் என்னை உற்றுப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "தி லேடி" என்றார். நர்ஸ் சிரித்தாள், நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்பிள்ளையைச் சொல்வது மாதிரி தி லேடி. அப்புறம் வாளி நிரம்பி வழிகிறபோது இன்னொன்று ஞாபகம் வந்தது. ஒரு சாயங்காலம் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன், இவர் வந்து அடுக்களைக் கதவில் சாய்ந்துகொண்டு, "லேடின்னா யாரு தெரியுமா?" என்றார். "யாரு, ராணியா?" "ரொட்டிக்கு மாவு பிசையுதவ. ரெண்டு பழைய சொல்லு ஒண்ணா ஒட்டி, தேஞ்சு தேஞ்சு லேடி ஆயிட்டு." "அப்ப லார்டு?" "அந்த ரொட்டியைக் காவல் காக்கிறவன்." "காவல் காத்தது போதும், போயி ஒரு லிட்டர் எண்ணெய் வாங்கிட்டு வாரும்" என்றேன், பையை எடுத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே போனார். வார்டில் சொன்ன லேடி எந்த லேடி. யாரோ ஒரு பொம்பிளையா, மாவு பிசைகிறவளா. இவரிடம் கேட்க முடியாது, கேட்டால் பதில் சொல்ல வார்த்தை இல்லை. இவர் சொல்லித்தான் எனக்கு எந்தச் சொல்லுக்குள்ளும் வேறொன்று இருக்கும் என்று தெரிந்தது, இப்போது இவர் சொல்கிற ஒவ்வொரு சொல்லையும் நான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு அலைகிறேன், உள்ளே நான் இருக்கிறேனா என்று.

ரெஹானா இப்போது தமிழ் மட்டும் என்று ஒரு சுற்று வைத்தாள். அவளுக்கும் ஒரு முடிவு தெரிய வேண்டுமே. சோறு. செருப்பு. கத்தரிக்காய். ஒவ்வொரு அட்டைக்கும் இவர் வாய் திறந்தது, மூச்சு வந்தது, சொல் வரவில்லை. "அது. அதான். அது." நெற்றியில் வேர்த்து மூக்கு நுனியில் சொட்டியது. துண்டை எடுத்துக்கொண்டு எழப் போனேன், ரெஹானா கண்ணால் வேண்டாம் என்றாள். கத்தரிக்காய்ப் படத்தை இவர் இடது கையால் தொட்டுப் பார்த்தார், தடவினார், படத்துக்கு உள்ளேயிருந்து சொல்லை எடுத்துவிடலாம் என்பது போல. பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. சோற்றுக்கு என்ன பேர் என்று தெரியாமல், அதைத் தினமும் பிசைந்து ஊட்டுகிற பெண்டாட்டி முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆம்பிளையின் பார்வை. அட்டையைத் தள்ளிவிட்டார். மேசையிலிருந்து கீழே விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டார், உச்சியில் முடி இவ்வளவு குறைந்தது எப்போது. தமிழ் என்று நான் சொன்னால் நாளைக்கும் இது. நாளை மறுநாளும் இது. தினமும் காலையில் நான் கூட்டிக்கொண்டு வந்து இந்த நாற்காலியில் உட்கார வைத்து, என் பேரை வரவழைப்பதற்காக இவரை வேர்க்க வைப்பேன். என்ன பெண்பிள்ளை நான். ஆனாலும், அந்தப் பேர்.

"சரி ஸார், போதும், ரெஸ்ட்" என்றாள் ரெஹானா. கொஞ்சம் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள், கொடுத்தேன், துடைத்தேன், காலரை நிமிர்த்திவிட்டேன். மனசு லேசாகட்டும் என்று அவள் பழைய நாய் அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். "இதை நல்லா சொன்னீங்க ஸார். கிரேன்னு சொன்னீங்க. கலர் கரெக்டுதான்." இவர் தலை நிமிர்ந்தது. முதலில் அட்டையைப் பார்த்தார், பிறகு அவளை. "நோ" என்றார். "நாட் கலர்." அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "கலர் இல்லையா? பின்ன என்ன ஸார்?" "ஓல்டு" என்றார். "வெரி... வெரி ஓல்டு." "நாய்க்கு வயசாயிட்டா ஸார்?" இவர் சிரித்தார். ஐயோ, சிரித்தார், வாய் ஒரு பக்கமாகத்தான் போயிற்று, ஆனால் தொண்டைக்குள்ளிருந்து அந்தப் பழைய சத்தம் வந்தது, முதல் பெஞ்சில் ஒருவன் அசட்டுத்தனமாக ஏதோ சொன்னால் வருமே அது. "நோ, நோ. மை டியர் கேர்ள். வேர்டு. ஓல்டு வேர்டு." வலது கை வராது என்று இடது கை எழுந்தது. சுட்டுவிரல் மேலே. "நோபடி... நோபடி நோஸ்." ரெஹானாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அவள் முகம் மலர்ந்துவிட்டது, "யாருக்கு என்ன தெரியாது ஸார்?" என்று தமிழில் கேட்டாள். இவர் தவித்தார், கை காற்றில் தேடியது, விழுந்துவிடுவார், மறுபடியும் அதான் அது என்று விழுந்துவிடுவார் என்று நினைத்தேன். விழவில்லை. அந்த விரல் அப்படியே திரும்பி என் பக்கம் வந்து நின்றது. "ஆஸ்க் ஹெர்" என்றார். "ஷீ நோஸ்."

அவள் திரும்பி, "சொல்லுங்கம்மா, இப்ப நீங்க பேசலாம்" என்றாள். துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தேன். பிறகு சொன்னேன். அது கிரேஹவுண்ட் என்ற சொல்லம்மா, அதில் கிரே என்பது சாம்பல் நிறம் இல்லை, பழைய சொல், சிலர் பொட்டை நாய் என்பார்கள், உறுதியாக யாருக்கும் தெரியாது, நிறத்தைச் சொன்னார் என்று நீ நினைத்ததைத்தான் திருத்துகிறார். நான் தமிழில் சொல்லச் சொல்ல இவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையை ஆட்டினார், மாணவன் ஒழுங்காக ஒப்பிக்கிறானா என்று கேட்கிற மாதிரி. பொட்டை நாய் என்றதும் புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தார், அதில் ஒரு விஷமம் இருந்தது, என் அத்தையையும் மாமாவையும் காப்பி டம்ளரைப் பார்த்த அத்தனை பேரையும் அந்தக் கண்ணில் நான் பார்த்தேன். ரெஹானா, "அப்ப மிச்சப் பாதி என்ன ஸார்?" என்று கேட்டாள். "ஹவுண்ட்" என்றார் இவர், கொஞ்சமும் திக்காமல். "ஈஸி." அவள் தாளை எடுத்து முதலில் போட்ட கோட்டை அடித்துவிட்டு எதையோ எழுதினாள். "வாத்தியார்ட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்" என்று என்னிடம் மெல்லச் சொன்னாள். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "அம்மா, யோசிச்சீங்களா? எதுல ஆரம்பிப்போம்?" என்று கேட்டாள்.

தமிழ் என்று சொல்ல வாயெடுத்தேன். நிஜமாகவே அந்த எழுத்துக்கு நாக்கைக் கொண்டுபோய்விட்டேன். இவர் நாய்ப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், முதுகு நேராக, தாடை தூக்கி, நாற்காலியில் இல்லை வகுப்பில் உட்கார்ந்திருந்தார். கத்தரிக்காயின் முன்னால் குனிந்திருந்தவர் இல்லை இவர். எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்து, யாருக்குப் பிடிக்கும் பிடிக்காது என்று பார்க்காமல் பேசிக்கொண்டுபோன அந்த ஆள்தான் இது. அந்த ஆள் அங்கே இருக்கிறார். இங்கே வா, இங்கே வா என்று நான் தினமும் இழுத்துக்கொண்டிருக்கிறேன், வர முடியாமல் வேர்த்துக் கிடக்கிறார். எனக்குக் கால் நன்றாகத்தானே இருக்கிறது. நான் போகலாமே. வடிவு என்ற பேர் இவரோடு எங்கேயோ இருக்கும், வருகிறபோது வரட்டும், வராவிட்டாலும் ஷீ என்றால் யாரென்று இவருக்குத் தெரிகிறது. "இங்கிலீஷ்லயே ஆரம்பிங்கம்மா" என்றேன். ரெஹானா என்னையே பார்த்தாள், "வீட்லயும் பேசணும்மா. இங்க ஒரு மணி நேரம் பத்தாது. நீங்க பேசுவீங்களா?" என்றாள். "பேசுதேன்" என்றேன்.

வெளியே நல்ல வெயில். நடைபாதையில் கம்பை ஊன்றி இவர் நடக்க, மறு கையைப் பிடித்துக்கொண்டு நான் நடந்தேன். மருந்துக் கடை வாசலில் ஒரே கூட்டம், யாரோ ஒரு குழந்தை ஊசிக்குப் பயந்து கத்திக்கொண்டிருந்தது. என்ன சொல்வது, எதில் ஆரம்பிப்பது. வேப்பமர நிழலில் இவரை நிறுத்தினேன். மனசுக்குள் ஒரு வாக்கியத்தை எடுத்து வைத்தேன், அது சரியில்லை என்று போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தேன், கல்யாணமான புதுசில் இவரிடம் பேசுவதற்கு முன் இப்படித்தான் ஒத்திகை பார்ப்பேன், கயத்தாறு வரைக்கும் அந்த ஒரு கேள்விக்கு ஒத்திகை பார்த்தேன். வழக்கமாக வருகிற ஆட்டோ கேட்டுக்குள் திரும்பி எங்கள் முன்னால் வந்து நின்றது. டிரைவர் தம்பி இறங்கி, "ஏறுதீங்களா ஸார்?" என்றான். அவன் கேட்டால் கேட்கட்டும். இவர் முகத்தைப் பார்த்து, "ஆட்டோ..." என்றேன். இவர் காத்திருந்தார். "ஆட்டோ இஸ் கேம்."

இவர் எடுத்து வைத்த காலை மறுபடி தரையில் வைத்தார். என் பக்கம் முழுசாகத் திரும்பினார், திரும்புவதற்கு நேரமாயிற்று. கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னையே பார்த்தார். டிரைவர் தம்பி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஹேஸ் கம்" என்றார்.

"ஹேஸ் கம்" என்றேன்.

இவர் நகரவில்லை. முழுசாகச் சொல்ல வேண்டும்போலிருக்கிறது.

"ஆட்டோ ஹேஸ் கம்" என்றேன்.

"குட்" என்றார், ஏறுவதற்கு என்னிடம் கையை நீட்டினார்.